வனக்குழுக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு என்றால் பெண்கள் எப்படி வருவது?

கொல்லைமேட்டுக்காரி:

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். சின்ன ஊர், பெயரைச் சொன்னால் ஆளையே சொன்னதாகிவிடும். காவேரி வடக்கு சரணாலயத்தின் ஓரத்தில் இருக்கிறோம். 2014-ல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பும் காப்புக்காடுதான், அதற்கு முன்பும் யானை வந்ததுதான். மகளிர் குழுவில் கணக்கு எழுதுவது நான் என்பதால், எந்த ஆபீசிலிருந்து தாள் வந்தாலும் கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்.

இப்போது வந்திருப்பது இது: காட்டைப் பார்த்துக்கொள்ள வனத்துறையும் ஊரும் சேர்ந்து வைத்திருக்கிற கிராம வனக்குழுவைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். மகளிர் குழுவிலிருந்து பெண்கள் பெயர் எழுதித் தர வேண்டுமாம். எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த முறை சும்மா எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

பழைய குழுவிலும் பெண்கள் பெயர் இருந்தது. கூட்டம் ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் முன்னால் நடக்கும். அது களி கிண்டுகிற நேரம், மாட்டைப் பிடித்துக் கட்டுகிற நேரம், யானை வரும் மாதங்களில் வெளியே தலை காட்டக்கூடாத நேரம். பெண்கள் யாரும் போனதில்லை. மறுநாள் காலையில் தீர்மானப் புத்தகத்தை ஒரு பையனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்புவார்கள். "அக்கா, இங்க ஒரு கையெழுத்து." ஒரு தடவை அடுப்பைத் தணித்துவிட்டு, மேலே என்னதான் எழுதியிருக்கிறது என்று படித்தேன். "விறகுக்காகக் காப்புக்காட்டுக்குள் செல்வதில்லை என்று உறுப்பினர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தனர்." அதன் கீழே எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருந்த பெரியம்மா, அன்று விடிகாலையில்தான் தலைச்சுமை விறகோடு என் வாசலைத் தாண்டிப் போனவர்.

விறகு விஷயத்தில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. உஜ்வாலா திட்டத்தில் பெண்கள் பெயரிலேயே காஸ் இணைப்பு கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் அடுத்த சிலிண்டருக்குப் பணம் வேண்டும், அதை இறக்கிக் கொண்டுவர வண்டி வேண்டும். டீ, குழம்பு சிலிண்டரில். களி, சுடுதண்ணீர், மாட்டுக்குக் காய்ச்சுவது எல்லாம் விறகில். இதைக் கூட்டத்தில் சொல்ல ஒரு பெண் இருந்திருந்தால் அந்தத் தீர்மானம் வேறு மாதிரி வந்திருக்கும். எந்தப் பக்கம் போகலாம், எந்த மாதத்தில் போகக்கூடாது, எத்தனை பேர் சேர்ந்து போவது என்றாவது எழுதியிருப்பார்கள்.

அடுத்தது யானை. ராகி கதிர் பிடிக்கிற சமயத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். அறுத்துப் போர் போட்டு முடிக்கும் வரைக்கும் தூக்கம் கிடையாது. இந்த மாதங்களில் ஊரில் ஆண்கள் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மீதிப் பேர் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட். கொல்லைக் காவலுக்கு மாமியாரும் தகர டப்பாவும்தான். இந்த லட்சணத்தில் "யானை தகவல்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இருப்பது வீட்டுக்கு ஒரு ஆணின் நம்பர். யானை எங்கள் அவரைக்காட்டில் நிற்கும், செய்தி பெங்களூர் பொம்மனஹள்ளியில் பலகை அடித்துக்கொண்டிருக்கிறவர் போனுக்குப் போகும். அவர் பார்த்து, எங்களைக் கூப்பிட்டு, எங்களுக்கு சிக்னல் இருந்து, நாங்கள் எடுத்து... அதற்குள் யானை சாப்பிட்டு முடித்துப் போயிருக்கும்.

ராத்திரியைவிட விடிகாலைதான் பயம். பால் சொசைட்டிக்கு ஐந்தரைக்கெல்லாம் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெண்கள். புதர் மறைவுக்கு ஒதுங்குகிறவர்களும் அந்த நேரத்தில்தான் போகிறார்கள். பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்பது யானையா பாறையா என்று தெரியாது.

நட்டஈட்டுக் கதை தனி. மிதித்த கொல்லையை உழுதது, விதைத்தது, களை எடுத்தது எல்லாம் வீட்டுப் பெண். மனுவோடு கேட்பது சிட்டா, அடங்கல். பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றி முடிப்பதற்குள் அடுத்த ராகி விளைந்து அதையும் யானை பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

குழுவில் ஒரு பெரியவர், "பொம்பளைங்களுக்குக் காட்டைப் பத்தி என்ன தெரியும்" என்றார். மாசியில் எந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கும், உண்ணிச்செடி எந்தச் சரிவு வரைக்கும் அடைத்துவிட்டது, எந்தத் தடத்தில் குட்டியோடு கூட்டம் போகிறது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கடைசியாகக் காட்டுக்குள் போனது கிடா வெட்டப் போனபோது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெயர் கொடுப்பதற்கு முன் நாங்கள் என்னென்ன கேட்கலாம்? கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லை "கொடுத்தால் கொடு, இல்லாவிட்டால் போ" என்று சொல்லிவிடுவார்களா? வேறு ஊர்களில் இது சரியாக நடந்திருக்கிறதா?

---

பழைய வனவர்:

அம்மா, நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியிருக்கும் தீர்மானப் புத்தகம் எனக்கு நன்றாகத் தெரியும். அது எல்லா ஊரிலும் ஒரே கையெழுத்து நடையில் இருக்கும்.

உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் வனக்குழு மாதிரிக் குழுக்கள் வருகிற கூட்டு வன மேலாண்மைத் திட்டத்துக்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு கொடுத்த வழிகாட்டுதலை எடுத்துப் பாருங்கள். பொதுக்குழு உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பொதுக்குழுக் கூட்டம் நடக்க வேண்டுமென்றால் பெண் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். செயற்குழுவில் 33 சதவீதம் பெண்கள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் இவற்றில் ஒரு பதவி பெண்ணுக்கு. கையெழுத்து வாங்க வீட்டுக்குப் பையனை அனுப்பினால் அது கூட்டமே ஆகாது.

ஏன் ராத்திரி எட்டு மணி என்று கேட்டால், துறைக்காரன் பக்கத்தையும் சொல்கிறேன். பகலில் எங்களுக்குக் காட்டைச் சுற்றிப் பார்க்கும் பீட் வேலை, ஆண்கள் ஊருக்குத் திரும்புவது இருட்டியபின். ஆள் சேர்ந்தால் போதும், போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம் என்பதுதான் கணக்கு. யார் சேர்ந்தார்கள் என்று மேலே யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டால் நேரத்தை மாற்றுவார்கள், அதில் துறைக்குச் செலவு ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பெண்களுக்குச் சமமான இடம் என்று சொல்லி, ராத்திரி தீப்பந்தத்தோடு யானை விரட்டும் கூட்டத்தில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். போகாதீர்கள். ஆண்களும் போகக்கூடாது என்பேன். குட்டி இருக்கிற கூட்டத்தைப் பட்டாசு போட்டுக் கலைத்தால் அது நாலாகப் பிரிந்து நாலு ஊருக்குள் போகும். விரட்டுவது பயிற்சி பெற்ற பணியாளர் வேலை. எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வதுதான் ஊர்க்காரர் வேலை. அதை உங்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. எனக்கு வந்த சரியான தகவல்களில் பெரும்பாலானவை ஆடு மேய்க்கிற பெண்கள் சொன்னவை. என் டைரியில் "தகவலாளி" என்று எழுதுவேன், குழுப் பட்டியலில் அவர்கள் புருஷன் பெயர் இருக்கும்.

அப்புறம் பணம். நான் இருந்த குழுக்களில் வங்கிக் கணக்கில் தலைவரும் வனவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். உறுப்பினர் பதவி மட்டும் வாங்கினால் டீ வரும். தலைவர் பதவியைக் கேளுங்கள், அதில்தான் பாஸ்புக் இருக்கிறது.

---

ஓசூர் சிப்காட்:

எல்லாவற்றிலும் ஆண் பெண் என்று பிரிக்க வேண்டுமா? யானைக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியுமா? வயலில் கம்பி வேலி போட்டால் பிரச்சினை முடிந்தது. குழு, கூட்டம் எல்லாம் வெட்டி வேலை.

---

கொல்லைமேட்டுக்காரி:

யானைக்குத் தெரியாது தம்பி. பட்டாவுக்குத் தெரியும்.

---

அரூர் வக்கீல்:

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் வனத்துறையும் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் அரூர்ப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011-ல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் 31 வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். "பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை, கூச்ச சுபாவம்" என்று யாராவது அறிக்கை எழுதினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பழைய வனவர் ஐயா தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதனால் என் ஆலோசனை, வனத்துறை அமைக்கிற குழுவை மட்டும் நம்பி நிற்காதீர்கள். காட்டை நம்பி வாழ்கிறவர்களின் உரிமைக்காக வன உரிமைச் சட்டம் 2006 என்று ஒன்று இருக்கிறது. அது சரணாலயத்துக்கும் பொருந்தும். அதன்படி கிராம சபை கூடினால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். காட்டையும் வன உயிர்களையும் பாதுகாக்க கிராம சபை தன் உறுப்பினர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் விதிகளில் இருக்கிறது. அந்தக் குழுவைக் கிராம சபைதான் அமைக்கும், ரேஞ்ச் ஆபீஸ் அல்ல.

இன்னொன்று, இந்தச் சட்டத்தில் நில உரிமை கொடுத்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் பட்டயம் கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன மாமனார் பட்டா வேறு வகை நிலம், அதற்கு இது உதவாது. அதற்கு ஊரோடு சேர்ந்து ஒரே நாளில் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் முகாம் வைக்கச் சொல்லி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். தனித்தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கம் காட்டை ஒட்டி இருளர் குடியிருப்புகள் இருக்கும். நீங்கள் எழுதித் தரப்போகும் பெயர்களில் அங்கிருந்து யாராவது உண்டா? சீமாறுப் புல்லுக்கும் கல்பாசிக்கும் புளிக்கும் நெல்லிக்காய்க்கும் உங்களைவிடக் காட்டின் உள்ளே போகிறவர்கள் அவர்கள். கொல்லை வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் மட்டும் உட்கார்ந்தால், பேச்சு யானை, வேலி, நட்டஈடு என்றே போகும். காட்டுக்குள் போகிற உரிமை பேச்சிலேயே வராது. வந்தாலும் "விறகுக்குப் போவதில்லை" என்ற அந்தப் பழைய தீர்மானம் போலத்தான் வரும்.

---

கொல்லைமேட்டுக்காரி:

கோபம் இல்லை, நியாயமான கேள்வி. எங்கள் ஊருக்கு மேலே ஒரு குடியிருப்பு இருக்கிறது. அவர்களுக்குத் தனி மகளிர் குழு இருக்கிறது. அவர்கள் இங்கே கூட்டத்துக்கு வர வேண்டும் என்றால் சாயங்காலம் காட்டு வழியில் திரும்ப வேண்டும். அதனால் ஒரு கூட்டம் இங்கே, ஒரு கூட்டம் அங்கே என்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐயா சொன்ன தலைவர் பதவி யோசனை எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் எங்கள் குழுவில் லோன் வாங்கி, வசூல் செய்து, வங்கிக்குக் கட்டுவது எல்லாம் பெண்கள்தான். இந்த பாஸ்புக் என்ன பெரிய பாஸ்புக்.

---

பாலக்கோடு வாத்தியார்:

அம்மா, உங்கள் பாஸ்புக் பேச்சுக்கு ஒரு சேதி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதலில் தொடங்கியதே 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, 2004-ல்தான் பிரிந்தது. ஆகக் கணக்கு எழுதுகிற பெண்கள் நம் ஊருக்குப் புதிது இல்லை.

வேறு ஊர்களில் நடந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். பீனா அகர்வால் என்ற பொருளாதார அறிஞர் குஜராத்திலும் நேபாளத்திலும் வனக்குழுக்களை நேரில் ஆராய்ந்திருக்கிறார். செயற்குழுவில் பெண்கள் அதிகம் இருந்த இடங்களில் காடு நன்றாகத் தேறியிருந்தது. அவர் சொன்னதில் உங்களுக்கு உடனே பயன்படுவது இன்னொன்று: செயற்குழுவில் பெண்கள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால்தான் அவர்கள் வருவதும் வாயைத் திறப்பதும் கூடுகிறது. ஒருத்தி, இரண்டு பேர் என்றால் மூலையில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அசாமில் பெருநாரைக்காகப் பெண்கள் சேர்ந்ததும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹர்கிலா என்பார்கள், பிணம் தின்னும் அபசகுனப் பறவை என்று மரத்தையே வெட்டிக்கொண்டிருந்த ஊர்கள். பூர்ணிமா தேவி பர்மன் அங்கே வீட்டுப் பெண்களைத் திரட்டினார். பெண்ணுக்கு வளைகாப்பு மாதிரி பறவைக்குச் சடங்கு வைத்தார்கள், தறியில் அந்தப் பறவையையே நெய்து விற்றார்கள். 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. அங்கே எனக்குப் பிடித்தது தறிதான். பெண்களுக்கு ஏற்கெனவே கையில் இருந்த வேலை அது, அதில் வருமானமும் வந்தது. இங்கே மீட்டிங்குக்கு வா என்று கூப்பிடுகிறவர்கள் அன்றைய கூலியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வாட்ஸ்அப் சிக்கலுக்கு வால்பாறையைப் பாருங்கள். அங்கே 2011 முதல் யானை நிற்கிற இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள், பின்னர் தமிழில் குரல் அழைப்பும் வந்தது. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் பொறுப்பில் இருப்பவர் கைப்பேசியிலிருந்தே அதை எரிய வைப்பார். இரவில் வீடு திரும்புகிறவர் தூரத்திலிருந்தே பார்த்து நின்றுகொள்ளலாம், அவரிடம் போன் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பால் சொசைட்டி முக்குக்கு இப்படி ஒன்று போதும்.

கம்பி வேலி போட்டால் முடிந்தது என்ற தம்பிக்கு: 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஅள்ளிப் பக்கம் கொல்லையைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அந்தக் கம்பியில் யானை மட்டும்தான் சாகும் என்று இல்லை. இருட்டோடு புல் அறுக்கப் போகிறவள் கால் வைத்தாலும் அதே கதிதான். குழுவில் பெண்கள் நிறைய உட்கார்ந்தால் முதலில் பேச்சுக்கு வரும் விஷயம் இந்தத் திருட்டு மின்வேலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்கள் கூட்டத்தில் யார் வீட்டு வேலியை யார் காட்டிக்கொடுப்பது?

---

கொல்லைமேட்டுக்காரி:

சார், அந்தக் கடைசி வரியை எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னால் அடி விழும். ஆனால் உண்மை.

நேற்று இரண்டு குழுப் பெண்களையும் கூப்பிட்டுப் பேசினோம். மகளிர் குழு கூடுகிற அதே நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு வனக்குழுக் கூட்டம் என்று கேட்கிறோம். தீர்மானத்தை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தபின்தான் கையெழுத்து, புத்தகம் வீட்டுக்கு வரக்கூடாது. செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் பெயரே தர மாட்டோம். அதில் மேல் குடியிருப்பிலிருந்து கட்டாயம் ஆள் உண்டு. தலைவர் பதவிக்கு எங்களில் ஒருத்தியை நிறுத்துகிறோம். யார் என்று இன்னும் முடிவாகவில்லை, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். தகவல் குழுவில் கொல்லையில் இருக்கிறவர் நம்பர் சேர வேண்டும். படிக்க வராதவர்களுக்குக் குரல் செய்தி. விறகுத் தீர்மானத்தை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று மேல் குடியிருப்புப் பெண்கள்தான் முதலில் கேட்டார்கள். ஒரு பாட்டி, "நாங்க போகாத காட்டுல தீ வெச்சா யாரு பார்ப்பா" என்றார். அதையும் அப்படியே மனுவில் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

பால் சொசைட்டிக்காரர் மட்டும் நேரத்தை ஆறரைக்குத் தள்ள முடியாது, வண்டி வந்துவிடும் என்கிறார். அவரோடு தனியாகச் சண்டை போட வேண்டும்.

வக்கீல் தங்கச்சி, மனு மாதிரி ஒன்று இருந்தால் போடுங்கள்.

---

அரூர் வக்கீல்:

இன்று ராத்திரி எழுதி இங்கேயே போடுகிறேன் அக்கா. பாட்டி சொன்னதை அப்படியே எழுதுங்கள், மாற்ற வேண்டாம். மனு ரேஞ்சருக்கு ஒன்று, மாவட்ட வன அலுவலருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துப் போய், நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் வாதாடாமல் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைக் கணக்கு நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.